வயலில் நின்றவர்களின் வரலாறு: செங்கோட்டைப் பிரகடனம்

செங்கோட்டை வட்டாரத்தில் உழைத்துப் பிழைக்கும் பெண்களும், அவர்களோடு நிற்க முன்வந்தவர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்களில் நாற்று நடுகிறவர்கள் இருக்கிறார்கள். பீடி சுற்றுகிறவர்கள், புளியரை வழியாகக் கேரளத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள், குற்றாலத்தில் சீசனுக்குக் கடை போடுகிறவர்கள், அடுத்த வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தமாக நாலு மரக்கால் விதைப்பாடு வைத்திருக்கிறவர்களும் உண்டு.

எங்கள் கொள்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஒரே வரலாறு கிடையாது. சொத்துள்ள வீட்டில் பிறந்தவளை இந்தச் சமூகம் ஒருவிதமாக வதைத்தது. சொத்தில்லாத வீட்டில் பிறந்தவளை வேறுவிதமாக வதைத்தது. சில காலங்களில் முதலாமவளைக் கொண்டே இரண்டாமவளை வதைத்தது. இதை மறைத்துக்கொண்டு எல்லாரும் அக்கா தங்கச்சி என்று மேடையில் பேசுவதில் எங்களுக்குச் சம்மதம் இல்லை. அக்கா தங்கச்சியாக வாழ ஆசைப்படுகிறோம். அதற்கு முன் எங்களுக்கு இடையில் கிடக்கும் கணக்கு தீர வேண்டும்.

இதைப் பேசச் செங்கோட்டைக்குத் தனி உரிமை உண்டு. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. மலைக்குக் கிழக்கே, தமிழ் பேசும் வயல்வெளியில், மலைக்கு மேற்கே இருந்த அரண்மனைக்கு வரி கட்டிய தாலுகா இது. மொழிவழி மாநிலம் பிறந்தபோது வயல்களோடு நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். தாலுகாவின் மலைப்பகுதி அந்தப் பக்கம் நின்றுவிட்டது. பிறகு திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். கொடி மாறியது, தலைமைச் செயலகம் மாறியது. களத்துமேட்டில் ஆம்பிளைக் கூலி ஒன்று, பொம்பளைக் கூலி ஒன்று என்ற வழக்கம் மட்டும் இத்தனை மாற்றத்துக்கும் அசையவில்லை.

அந்தத் திருவிதாங்கூரை ஆண்டவர்களில் பெண்கள் உண்டு. 1810 முதல் 1815 வரை கௌரி லட்சுமி பாய். அவருக்குப் பின் 1829 வரை அவருடைய தங்கை கௌரி பார்வதி பாய். பள்ளிக்கூடப் புத்தகங்கள் இவர்களைப் பெருமையோடு எழுதுகின்றன. அதில் நியாயமும் உண்டு. 1812இல் அடிமைகளை விற்பதற்கும் வாங்குவதற்கும் லட்சுமி பாய் தடை விதித்தார். 1817இல் பார்வதி பாய் கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று அறிவித்தார். இவற்றை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் 1812இன் தடை நிலத்தோடு கட்டுண்ட அடிமைகளைத் தொடவில்லை. நிலத்தை விற்றால் அதில் உழைத்தவளும் சேர்ந்தே விலைபோனாள். அடிமைமுறை சட்டப்படி ஒழியத் திருவிதாங்கூரில் 1855 வரை ஆயிற்று.

தோள்சீலைப் போராட்டத்தைத் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் நடத்தினார்கள் என்பதை எல்லாரும் அறிவார்கள். மார்பை மூடத் துணிந்த நாடார் பெண்களைச் சந்தையிலும் தெருவிலும் அடித்தார்கள், சீலையைக் கிழித்தார்கள். அந்தப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று அரசு உத்தரவு வந்த நாள் 1829 பிப்ரவரி 3. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண், கௌரி பார்வதி பாய். அந்த உத்தரவை நாங்கள் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: நாடார்கள் வழக்கம்போல ஊழியம் செய்ய வேண்டும் என்பது. ஊழியம் என்றால் கூலி இல்லாத கட்டாய வேலை. துணிக்குத் தடை, உழைப்புக்குக் கட்டாயம் இரண்டும் ஒரே காகிதத்தில் வந்தன. மேலாடைப் பிரச்சினையை மானப் பிரச்சினையாக மட்டும் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். மானம்தான், மறுக்கவில்லை. கூடவே, யாருடைய உடல் யாருக்காக இலவசமாக உழைக்க வேண்டும் என்பதை ஊரே பார்த்தவுடன் தெரிந்துகொள்வதற்கான அடையாளமாகவும் அந்தத் திறந்த மார்பு இருந்தது. சீலையால் மூடினால் அடையாளம் மறையும். அடையாளம் மறைந்தால் ஊழியம் கேட்க நாக்கு கூசும். ஆண்டைகள் பதறியது அதற்காக.

பிறகு 1858இன் கடைசியிலும் 1859இன் தொடக்கத்திலும் கலவரம் மூண்டது. 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா புதிய பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதைப்போல உடுத்தக் கூடாது. இந்த நிபந்தனைதான் எங்கள் இயக்கத்தின் பாடப்புத்தகம். மூடிக்கொள், ஆனால் அவளைப்போல மூடாதே என்றது அரசு. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு வேலியை அரசே நட்டுக் கையெழுத்தும் போட்டது. அப்போது இந்தியாவுக்கு மகாராணி விக்டோரியா. பெண் அரியணையில் அமர்ந்தால் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிடுவார்கள் என்று நம்பச் சொல்கிறவர்கள் இந்த முப்பது ஆண்டுச் சரித்திரத்தை வாசிக்கட்டும்.

இனி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சுகமாக இருந்தாளா? இல்லை. அதற்கும் எங்கள் ஊரே சாட்சி. செங்கோட்டை ஆவுடையக்காள் ஏறக்குறைய பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்தவர். பிராமணக் குடும்பம். விவரம் தெரியாத வயதில் கல்யாணம், அந்த வயதிலேயே விதவைக்கோலம். திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாள் அவருக்கு உபதேசம் செய்தார் என்பது மரபு. ஆவுடையக்காள் கும்மியாகவும் அம்மானையாகவும் வேதாந்தம் பாடினார். எச்சில், தீட்டு, மடி என்ற ஆசாரங்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். அந்தப் பாடல்களை நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றியவர்கள் யார்? மொட்டையடிக்கப்பட்டு அடுக்களைக்குள் தள்ளப்பட்ட விதவைகள். வாய்ப்பாடமாக ஒருத்தி இன்னொருத்திக்குக் கொடுத்தாள். ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகள் போன்றவர்கள் திரட்டி அச்சேற்றியது மிகப் பிற்பாடு. ஆவுடையக்காள் குற்றால மலையேறிப் போனார், திரும்பவில்லை என்று சொல்கிறார்கள். சமாதி என்கிறார்கள். நாங்கள் அவரை எங்கள் முன்னோடியாக ஏற்கிறோம்.

ஆவுடையக்காளை ஏன் அப்படி அடைத்து வைத்தார்கள்? விதவை மறுமணம் செய்தால் சொத்து எந்தப் பக்கம் போகும், குலம் யாரோடு கலக்கும் என்ற பயத்தால். அதே காலத்தில் வயலில் நின்ற பள்ளர், பறையர் பெண்களுக்கு அறுத்துக் கட்டும், அதாவது மறுமணம் செய்யும், வழக்கம் இருந்தது, தெருவில் நடக்கத் தடை இருந்தது. ஒருத்திக்கு வீடு சிறை. இன்னொருத்திக்கு வீடே இல்லை. உயர்சாதி வீட்டில் பெண்ணின் கருப்பையைக் காவல் காத்தார்கள். உழைக்கும் சாதியில் பெண்ணின் கையைக் காவல் காத்தார்கள். இரண்டு காவலுக்கும் எஜமான் நிலம்தான். சாதி ஒழிப்பையும் வர்க்கப் போராட்டத்தையும் பெண் விடுதலையையும் மூன்று துறைகளாகப் பிரித்து மூன்று சங்கங்களுக்குக் கொடுத்தவர்களோடு எங்களுக்கு உள்ள வேறுபாடு இதுவே. ஒன்றை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்துப் போராடியவர்கள் மற்ற இரண்டிலும் தோற்றதைப் பார்த்திருக்கிறோம்.

எங்கள் ஊர் நாட்டு வரலாற்றில் இடம்பெற்றது வாஞ்சிநாதன் மூலமாக. 1911 ஜூன் 17, மணியாச்சி: கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றார், தன்னையும் சுட்டுக்கொண்டார். சிலை இருக்கிறது, இருக்கட்டும். அவர் மனைவி பொன்னம்மாள் அதன் பிறகு வாழ்ந்த நெடுங்காலத்தைப் பற்றி ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? உயிரைக் கொடுத்தவருக்கு ஒரு நாள் இருக்கிறது. மிச்ச வாழ்க்கையைக் கொடுத்தவளுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. பொன்னம்மாளுக்காவது ஒரு பெயர் மிஞ்சியது. அதே 1911இல் செங்கோட்டை வயலில் களை பறித்த பெண்கள் அத்தனை பேரின் பெயரும் போய்விட்டது.

வாக்குரிமையும் அப்படித்தான் வந்தது. 1921இல் சென்னை மாகாண சட்டமன்றம் பெண்களுக்கு வாக்களிக்கும் உரிமை தந்தது. இந்தியாவில் அது முன்னோடி நடவடிக்கை. ஆனால் சொத்து இருந்தால்தான் வாக்கு. பிரிட்டனிலும் 1918இல் முப்பது வயதான, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கே முதலில் கிடைத்தது. மற்றவர்கள் 1928 வரை நின்றார்கள். வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்று சுதந்திர இந்தியா சொன்னபோதாவது தடை நீங்கியதா? 1951-52 முதல் பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவர்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிவாகியிருந்தார்கள். பெரும்பாலோர் வட மாநிலத்தவர்கள். அதைப் படித்துவிட்டு நம்ம பக்கம் அப்படி இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. எங்கள் தெருவில் இன்றும் பல பெண்களை இன்னார் வீட்டுக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சொத்துரிமைச் சட்டத்துக்கு வருவோம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து 1989இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம், மகள் பிறப்பாலேயே பங்காளி என்று ஐயம் திரிபறச் சொன்னது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நல்லவை எல்லாம். கொண்டாடுகிறோம். ஆனால் அப்பனுக்கே ஒரு சென்ட் இல்லாத மகளுக்கு இதில் எந்தப் பிரிவு பொருந்தும்? பங்கு கேட்பதற்குச் சொத்து இருந்தாக வேண்டுமே. பெண்ணுக்குச் சொத்துரிமை என்ற முழக்கத்தோடு நிலமற்றவளுக்கு நிலம் என்ற முழக்கமும் சேராவிட்டால், முன்னது பாதி ஊருக்கே பயன்படும்.

பீடியைப் பற்றி விரிவாகப் பேசியாக வேண்டும். தென்காசி, கடையநல்லூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம், முக்கூடல் என்று இந்தப் பக்கத்தில் பீடி சுற்றாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, சுளகை மடியில் வைத்துக்கொண்டு, தூளை உருட்டி, நூலால் கட்டி, தலையை மடக்கி, ஆயிரம் எண்ணிக்கை சேர்ந்தால்தான் கூலி. சமையல், துவையல், பிள்ளைக்குப் பால் எல்லாம் இதற்கு நடுவில். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் இது சரியில்லை, அது சரியில்லை என்று கழித்துப்போடுவார்கள். கழித்ததற்குக் கூலி இல்லை. இலை மோசமாக இருந்தால் அதையும் அவளே ஈடுகட்ட வேண்டும். கைக்காசு போட்டு இலை வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்டுவாள். புகையிலைத் தூள் இருபது முப்பது வருஷம் நெஞ்சில் ஏறியபின் இருமலுக்கு யாரும் கூலி தருவதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பொண்ணுக்குப் பீடி சுத்தத் தெரியுமா என்று கேட்ட காலம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அவள் விரலையும் சேர்த்துத்தான் சீர் பேசினார்கள்.

இவளைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளவே நாட்டுக்குச் சட்டம் தேவைப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 1974இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. பீடி மீது விதித்த தீர்வையிலிருந்து மருத்துவமனை, பிள்ளைகளின் படிப்பு உதவி, வீட்டு உதவி என்று செய்தார்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். தலைநகரில் அது வரிச் சீர்திருத்தம். எங்கள் தெருவில் அது பிள்ளையின் படிப்புப் பணம். சங்கம் வைத்துப் போராடிக் கூலியை உயர்த்தியவர்களுக்கு வணக்கம். ஆனால் தொழிலில் பெண்கள் நிறைந்திருக்க, மேடை நாற்காலிகளில் ஆண்கள் நிறைந்திருந்தது எந்தக் கொள்கையால் என்பதையும் அவர்கள் விளக்க வேண்டும்.

மூணாறின் தேயிலைத் தோட்டங்களில் அந்தக் கேள்வியைத் தமிழ்ப் பெண்களே எழுப்பினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்களின் பேத்திகள். 2015 செப்டம்பரில் போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததும் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. கொழுந்து எடுப்பது நாங்கள், கூடையைச் சுமப்பது நாங்கள், பேச்சுவார்த்தைக்கு மட்டும் நீங்களா என்று கேட்டார்கள். 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். ஆண் துணையில்லாமல் பெண்கள் போராடியது அதிசயம் என்று பத்திரிகைகள் எழுதின. எங்களுக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை. முதலாளி ஒரு பக்கம், ஆண் தலைமை ஒரு பக்கம் என்று இரண்டையும் ஒரே சமயத்தில் எதிர்க்காமல் அந்தப் போனஸ் கிடைத்திருக்காது.

எங்களுக்குப் பக்கத்து மலையான மாஞ்சோலையில் கதை வேறு மாதிரி முடிந்தது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காடு அது. தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்து, லயத்து வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தவர்கள் மீது தடியடி விழ, தாமிரபரணியில் இறங்கி ஓடியவர்களில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் செத்தார்கள். தலித் போராட்டம் என்று ஒரு நூலில், தொழிலாளர் போராட்டம் என்று இன்னொரு நூலில் அதைப் படிக்கிறோம். பெண்கள் வரலாறு என்ற நூலில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. அந்த நூலையும் நாங்களே எழுதப் போகிறோம்.

முன்மாதிரி இருக்கிறது. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் நின்ற பெண்களைத் தேடிப் போய், அவர்கள் வாய்மொழியை அவர்கள் சொன்னபடியே ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா 1980களில் நூலாக்கியது. துப்பாக்கியோடு காட்டில் நின்றவர்கள், போராட்டம் முடிந்ததும் அடுப்படிக்குத் திருப்பி அனுப்பப்பட்டதையும் அதில் சொன்னார்கள். அந்த நேர்மையோடு செங்கோட்டைத் தாலுகாவின் பெண்களுடைய வாழ்க்கையைப் பதிவு செய்வது எங்கள் முதல் வேலை. சொல்கிறவர் சம்மதித்தால் மட்டுமே பெயர் வரும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே அச்சுக்குப் போகும்.

அரசிடம் நாங்கள் கேட்பவை: பழைய தாலுகாவின் நில, ஊழியப் பதிவேடுகள் திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்தில் இருப்பதால் அவற்றின் நகல்களைத் தமிழ்நாடு அரசு கேட்டுவாங்கித் தென்காசியில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பீடித் தொழிலாளியின் நல நிதிக்கு வரவு ஒன்றை உறுதி செய்ய வேண்டும். நிலமற்ற பெண்ணுக்கு அவள் பெயரிலேயே விளைநிலம் வேண்டும். மூன்று சென்ட் வீட்டுமனையோடு பேச்சை முடிக்கக் கூடாது. சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நடவுக்கும் அறுப்புக்கும் அந்தச் சட்டத்தைத் தேடி வயலுக்கு வந்த அதிகாரி யாரையும் நாங்கள் பார்த்ததில்லை. இனி வர வேண்டும்.

அரசிடம் கேட்பது சுலபம். எங்களிடமே கேட்டுக்கொள்வது கடினம், அதனால் அதை விதியாகவே வைக்கிறோம். தன் வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஆண் கூலியைத் தராதவர் இந்த இயக்கத்தில் உறுப்பினராக முடியாது. தன் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்குத் தனி டம்ளர் வைத்திருப்பவர் உறுப்பினராக முடியாது. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்புத் தராதவர் உறுப்பினராக முடியாது. இது படித்த, சம்பளம் வாங்கும், நிலம் வைத்திருக்கும் எங்கள் சகோதரிகளுக்குச் சொல்வது. மகளிர் தினத்தில் கோலப்போட்டி நடத்துவதைவிட இது கஷ்டமான காரியம். செய்துவிட்டு வாருங்கள், உங்களை வாசலில் நின்று வரவேற்போம். ஆண்களும் வரலாம், உட்காரலாம், எழுதலாம், சமைத்துப் போடலாம். முடிவெடுக்கும் குழுவில் நாலில் மூன்று பேர் கூலி வேலை செய்யும் பெண்களாக இருப்பார்கள்.

கூட்டங்கள், பீடியைக் கடையில் கொடுத்து முடித்த பிறகு, வயல் வேலை முடிந்த பிறகுதான் நடக்கும். சாதிச் சங்கக் கட்டடத்திலோ, எல்லாரும் உள்ளே நுழைய முடியாத மண்டபத்திலோ நடக்காது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம்.

தாயீ, அக்கா, மதினி, அத்தை, வாருங்கள். வரும்போது உங்கள் அம்மாவின் பெயர், அம்மாவைப் பெற்ற ஆச்சியின் பெயர், அவர்கள் யார் வயலில் என்ன வேலை செய்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத வராவிட்டால் வந்து சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.